தேன்சிட்டு வந்து அமரும் தோட்டம்: பூச்செடி தேர்விலிருந்து பராமரிப்பு வரை

"தேன் குடிக்கும் குருவிக்கு என்ன செடி வைக்கலாம்" என்று இணையத்தில் தேடினால் வரும் பட்டியல்களில் முக்கால்வாசி அமெரிக்கத் தோட்டங்களுக்காக எழுதப்பட்டவை. அவை பேசுவது ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டைப் பற்றி. அதில் 350 இனங்களுக்கு மேல் உண்டு. ஒன்றுகூட அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வாழ்வதில்லை. நம் வீட்டுச் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. இரண்டுமே சிறியவை, வெயிலில் மினுங்குபவை, தேன் குடிப்பவை. ஆனால் நெருங்கிய உறவு கிடையாது. பொழுது சாயும் நேரத்தில் பூ முன்னால் அந்தரத்தில் நின்று குடிக்கும் ஒன்றைப் பார்த்து, ஓசனிச்சிட்டு நம் ஊருக்கே வந்துவிட்டது என்று படம் போடுகிறார்கள். அது பெரும்பாலும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட ஒருவகை அந்துப்பூச்சிதான்.

இந்த வேறுபாடு தெரியாமல் செடி வாங்கினால் பணமும் உழைப்பும் வீணாகும். ஓசனிச்சிட்டு பறந்தபடியே குடிக்கும். அதற்காக உருவான பூக்கள் பல, கால் வைக்க இடமே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு தொங்கும். தேன்சிட்டும் சில நொடிகள் அப்படி நிற்கும். ஆனால் அதற்கு இயல்பானது காம்பையோ கிளையையோ பிடித்து அமர்ந்து, கழுத்தை வளைத்துக் குடிப்பது. ஆகவே செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பூவின் நிறத்தைப் பார்க்கும் முன், அந்தப் பூவுக்குப் பக்கத்தில் பறவை எதைப் பிடித்து நிற்கும் என்று பாருங்கள்.

யார் வருவார்கள்

தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கையிலும் வீட்டுத் தோட்டத்துக்கு வருபவை பெரும்பாலும் மூன்று இனங்கள். அதிகம் காண்பது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. பத்து சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மஞ்சள், வாலுக்குச் சற்று மேலே ஊதா. பெண்ணுக்குத் தொண்டை சாம்பல், மார்பு மஞ்சள். அடுத்தது ஊதாத் தேன்சிட்டு. நிழலில் முழுக் கறுப்பாகத் தெரிந்து, வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக ஒளிரும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண் நிறம் மாறி, மஞ்சள் வயிற்றின் நடுவே ஒரு கரும்பட்டையோடு திரியும். "கறுப்புக் குருவி போய்விட்டது, வேறொன்று வருகிறது" என்று நினைக்க வேண்டாம், அதே பறவைதான்.

மூன்றாவது லோட்டன் தேன்சிட்டு. அலகு மற்ற இரண்டையும்விட நீளம், அரிவாள்போல் நன்றாக வளைந்தது. 18-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனின் பெயரைத் தாங்கிய பறவை இது. நீண்ட குழல் கொண்ட பூக்களில் இதற்கு மற்றவற்றைவிட எளிதில் அலகு எட்டும். உங்கள் பகுதியில் எது வருகிறது என்று ஒரு வாரம் காலை ஆறரையிலிருந்து எட்டரைவரை கவனித்துவிட்டுச் செடி வாங்கச் செல்லுங்கள்.

பூவைச் சோதிக்கும் முறை

பறவைகளுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நன்றாகத் தெரியும்; தேனீக்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் பறவையை நம்பி வாழும் பூக்களில் பல சிவப்பாக இருக்கின்றன. ஆனால் நிறம் ஒரு விளம்பரப் பலகை மட்டுமே. உள்ளே தேன் இல்லாவிட்டால் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் பறவை கைவிட்டுவிடும். செவ்வரளி நல்ல உதாரணம். தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும், ஆனால் அரளிப்பூவில் தேனே கிடையாது. ரோஜாவிலும் மகரந்தம் உண்டு, பறவைக்கு வேண்டிய தேன் இல்லை. மல்லிகை, முல்லை, நித்தியமல்லி எல்லாம் இருட்டில் மணம் பரப்பி அந்துப்பூச்சிகளை அழைப்பவை. வீடு நிறைய மணக்கும் பூ இருந்தும் ஒரு தேன்சிட்டுகூட வரவில்லையே என்று பலர் வருந்துவதன் காரணம் இதுதான்.

நர்சரியில் நின்று ஒரு பூவைப் பறித்து அடிப்பகுதியைப் பிய்த்துப் பாருங்கள். விரலில் ஈரப் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். காலை ஒன்பது மணிக்குள் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். வெயில் ஏறியபின் பூச்சிகள் காலி செய்திருக்கும். பிறகு குழல் வடிவம், பூவுக்கு ஒரு சாணுக்குள் பிடிமானமான காம்பு, வருடத்தில் குறைந்தது ஏழெட்டு மாதம் பூப்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றும் பொருந்தும் செடிகள் அதிகம் இல்லை. பொருந்துபவற்றை முதலில் சொல்கிறோம்.

நட வேண்டியவை

முதல் செடியாக ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் மிளகாய்ச் செம்பருத்தியை வாங்குங்கள். மொட்டுச் செம்பருத்தி என்றும் சொல்வார்கள். மடல் கடைசிவரை விரியாது. சிவப்பு மிளகாய்போலத் தொங்கும். விரியாத மடலுக்குள் தேன் பத்திரமாக இருக்கும், பூவும் ஆண்டு முழுவதும் இருக்கும், மெல்லிய கிளைகள் பறவையின் காலுக்கு ஏற்ற கனத்தில் இருக்கும். அரைநிழலையும் தாங்கும். நம் நாட்டுச் செடி இல்லை, ஆனால் இங்கே பொதுவாக விதை பிடிப்பதில்லை என்பதால் தானாகப் பரவும் பயமும் இல்லை. குச்சியில்தான் பெருக்க வேண்டும்.

செம்பருத்தி (யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை) வாங்கும்போது ஒற்றையடுக்குச் சிவப்பு நாட்டுச் செம்பருத்தியை மட்டும் கேளுங்கள். அடுக்குச் செம்பருத்தியில் இதழ்கள் நெருக்கமாக மண்டியிருப்பதால் தேன் இருக்கும் அடிப்பகுதியை அலகு எட்டுவது கடினம். ஒற்றைச் செம்பருத்தியிலும் பறவை எப்போதும் முன்பக்கமாக வராது. பூவின் பின்னால் காம்பைப் பிடித்து அமர்ந்து, அடியில் குத்தித் தேனை எடுக்கும். பூவில் சிறு ஓட்டை தெரிந்தால் புழு என்று மருந்தடித்துவிடாதீர்கள். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும் என்பதால் நாளுக்கு ஐந்தாறு பூவாவது கிடைக்கும்படி இரண்டு மூன்று செடிகள் வேண்டும். பூஜைக்குப் பறிப்பவர்கள் பாதியை விட்டுவைத்தால் போதும்.

ஹேமீலியா, ஓசனிச்சிட்டின் சொந்த ஊர்ச் செடி. அமெரிக்கப் பட்டியலில் இருந்து நமக்கும் அப்படியே பொருந்துவதில் இது முக்கியமானது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஆரஞ்சுக் குழல்கள் கொத்தாக வரும். கொத்தின் காம்பிலேயே பறவை அமர்ந்து ஒவ்வொரு குழலாகக் குடிக்கும். காய் பழுத்தால் கொண்டைக்குருவியும் வரும். தரையில் ஆளுயரத்துக்கு மேல் போகும். தொட்டியில் கவாத்து செய்து நான்கடிக்குள் வைக்கலாம். முழு வெயில் வேண்டும். நிழலில் இலைதான் வரும்.

கைப்பிடிச் சுவர் ஓரத்துக்கு ருசேலியா. இலையே இல்லாததுபோல் தெரியும் பச்சைக் குச்சிகள் அருவியாகத் தொங்க, நுனியெல்லாம் சிவப்புக் குழல்கள். ஒரு நாள் தண்ணீர் மறந்தாலும் சாகாது. தொங்கும் குச்சி பறவைக்குப் பிடிமானமாக இல்லாமல் ஆடும் என்பதால், தொட்டியில் இரண்டடி உயரத்துக்கு ஒரு காய்ந்த முருங்கைக் குச்சியோ நொச்சிக் குச்சியோ ஊன்றிவிடுங்கள். வந்ததும் முதலில் அதில்தான் அமரும்.

இட்லிப்பூ என்கிற வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. சங்க காலத்திலேயே போர்த்திணைக்குப் பெயர் கொடுத்த பூ. குழல் மெல்லியதும் நீண்டதுமாக இருப்பதால் வண்ணத்துப்பூச்சிக்கும் லோட்டனுக்கும் மிகவும் பொருந்தும். இதில் ஒரே சிக்கல் மண். காரத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றினால் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பும் (இரும்பு சல்பேட்) 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) கரைத்து, மாலையில் இலைமேல் மட்டும் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் புது இலை பச்சையாக வரும். இந்தச் செடிக்குச் சாம்பலோ சுண்ணாம்போ போடவே கூடாது.

தரை இருந்தால் வாய்ப்பு இன்னும் பெரிது. கல்யாண முருங்கை குளிர்காலக் கடைசியிலும் கோடைத் தொடக்கத்திலும் இலை உதிர்த்துச் சிவப்பாய் நிற்கும்போது, தேன்சிட்டு மட்டுமல்ல, மைனா, காகம், கொண்டைக்குருவி எல்லாம் வந்துசேரும். கை தடிமனில் ஐந்தடிப் போத்து வெட்டி, இரண்டு நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்தபின் ஓரடி ஆழத்தில் நட்டால் பிடித்துக்கொள்ளும். கிளை முறியும் தன்மையுள்ளது, முள்ளும் உண்டு. வீட்டுச் சுவரிலிருந்து 15 அடி தள்ளி வையுங்கள். ஆட்டுத் தீவனத்துக்காக ஆண்டுதோறும் மொட்டையடிக்கும் மரத்தில் பூவை எதிர்பார்க்க முடியாது. இலைக்காம்பில் முடிச்சு முடிச்சாக வீக்கம் வந்தால் அது ஒருவகைச் சிறு குளவியின் வேலை. அந்தக் கிளையை வெட்டி எரித்துவிடுங்கள், குப்பையில் போட்டால் பரவும்.

புதிதாக எதையும் வாங்காமலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். சமையலுக்கு வைத்த முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். வாழையில் காய்ச்சீப்பு முடிந்தபின் பூவை ஒடித்துச் சமைப்பது நம் வழக்கம். நாலைந்து குலையில் ஒன்றையாவது ஒடிக்காமல் விட்டால் மடல் விரிய விரிய வாரக்கணக்கில் தேன் கிடைக்கும். சோற்றுக்கற்றாழை வெயிலில் முற்றினால் மஞ்சள் பூத்தண்டு விடும். ஜன்னலோர நிழலில் வைத்த கற்றாழை பூக்கவே பூக்காது. மாமரத்துப் புல்லுருவிகூடத் தேன்சிட்டை நம்பித்தான் வாழ்கிறது. அதற்காக மரத்தில் அதை வளர்க்கச் சொல்லவில்லை, அகற்றும்போது அதில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

வைக்கக் கூடாதவை

உண்ணிச்செடியில் பறவை வரும், உண்மைதான். ஆனால் விதையைப் பறவைகள் காட்டுக்குக் கொண்டுபோய், அங்கே மற்றச் செடிகளை முளைக்கவிடாமல் அது அடைத்துக்கொள்கிறது. ஒரு தோட்டத்து அழகுக்காக இந்த விலை அதிகம். ஆப்பிரிக்கத் துலிப் மரமும் அப்படித்தான். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருப்பது, அதன் பூவுக்குள் தேனீக்கள் செத்துக் கிடப்பதும் பதிவான விஷயம். காகிதப்பூ தீங்கில்லை, ஆனால் நாம் பூ என்று பார்ப்பது வண்ண இலை. தேனுக்காக வைக்காமல் மறைவுக்காக வையுங்கள்.

தொட்டி, மண், இடம்

மிளகாய்ச் செம்பருத்திக்கும் ஹேமீலியாவுக்கும் 16 முதல் 18 அங்குலத் தொட்டி. இட்லிப்பூவுக்கும் ருசேலியாவுக்கும் 12 அங்குலம் போதும். கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ 1 பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, தொட்டிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கும். வாளியில் ஊறவைத்து மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். அடியில் நாலைந்து துளை, துளைமேல் ஓட்டுச் சில்லு.

ஈர மண்ணோடு ஒரு பெரிய தொட்டி ஐம்பது கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பவர்கள் நடுத்தளத்தில் கூட்டமாக வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ வரும் ஓரத்தில் வரிசையாக வையுங்கள். தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்தால் தளமும் ஓதம் வாங்காது, சித்திரைச் சூடும் வேருக்கு நேரே ஏறாது.

ஆறு வகையில் ஒவ்வொன்று வைப்பதைவிட இரண்டு வகையில் மூன்று மூன்று வைப்பது நல்லது. ஒரே செடியில் மூன்று பூவுக்காகப் பறவை தினமும் சுற்று வராது. கூட்டமாகப் பூத்த இடத்தை அது நினைவில் வைத்துத் திரும்ப வரும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவித்தால் ஒரு ஆண் அதைத் தன் சொத்தாக்கி மற்றதை விரட்டும். மாடியின் இரண்டு எதிர்மூலைகளில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது மறையும்படி இரண்டு கூட்டமாக வைத்தால் சண்டை குறையும். சிறிய மாடிக்கு ஒரு கணக்கு: கிழக்கு மூலையில் மிளகாய்ச் செம்பருத்தி 2, ருசேலியா 2, மேற்கு மூலையில் ஹேமீலியா 2, ஒற்றைச் செம்பருத்தி 2, இட்லிப்பூ 1.

பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே எந்தக் கூட்டத்தையும் வைக்காதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண், தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று எண்ணி நாள் முழுக்கக் கொத்திச் சோர்ந்துபோகும். கண்ணாடியின் வெளிப்பக்கம் கொசுவலைத் துணியைக் கட்டினால் நிற்கும். வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிக்குப் பழைய துணிப்பை போதும்.

ஆண்டு முழுக்கச் செய்ய வேண்டியது

குச்சி நட ஆடியும் ஆவணியும் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துவிடும். பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு உள்ள குச்சியை அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, பாதியை மண்ணுக்குள் வையுங்கள். நிழலில் நாலு முதல் ஆறு வாரம். குச்சியை ஆட்டிப் பார்க்கும் ஆசைதான் பாதி குச்சிகளைக் கொல்கிறது. அரும்பிய வேர் அந்த ஆட்டத்திலேயே அறுந்துபோகும்.

கவாத்தை மழை முடிந்து தையில் ஒரு பாதிச் செடிகளுக்கும், ஆடியில் மறுபாதிக்கும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் ஆறேழு வாரம் தோட்டத்தில் பூவே இருக்காது. அதற்குள் பறவை வேறு தெருவைப் பழகிவிடும்.

உரத்துக்கு 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து லிட்டராக்கி, தொட்டிக்கு அரை லிட்டர் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். யூரியா வேண்டாம், இலை கொழுத்துப் பூ குறையும், கொழுந்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறும். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத் தொட்டிக்கு ஊற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் உப்பு செறிந்திருக்கும். செம்பருத்தி மொட்டு கொட்டுவதற்கு அது ஒரு காரணம். மண்மேல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் நல்ல தண்ணீரை அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை விட்டுக் கழுவுங்கள்.

மருந்து என்ற பெரிய தவறு

தேன்சிட்டு தேனை மட்டும் தின்று வாழ்வதில்லை. சிலந்தி, அசுவினி, சிறு புழு இவையெல்லாம் அதன் உணவு. குஞ்சுக்குப் புரதம் வருவதும் இவற்றிலிருந்துதான். கூட்டைப் பின்னவும் சிலந்தி நூல் வேண்டும். சுத்தமாக மருந்தடித்த தோட்டம் அதற்குப் பட்டினித் தோட்டம்.

இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் மருந்துகளை இந்தச் செடிகளுக்கு ஒருபோதும் போடாதீர்கள். வேரில் ஊற்றினாலும் செடி முழுக்க ஏறி, தேனிலும் மகரந்தத்திலும் வந்து சேரும். நர்சரியில் ஏற்கெனவே போட்டிருக்கலாம் என்பதால் புதிதாக வாங்கிய செடியின் மொட்டுகளை முதல் சில மாதம் கிள்ளிவிடுங்கள், செடியும் கிளைக்கும்.

செம்பருத்தியின் தீராத தொல்லை மாவுப்பூச்சி. முதல் நாள் பார்த்ததும் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தால் பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கலக்கிவிட ஒரு மில்லி காதி சோப்புக் கரைசல். பொழுது சாய்ந்து பறவைகள் போனபின் தண்டிலும் இலையின் அடியிலும் மட்டும் தெளியுங்கள். பூமேல் படவேண்டாம். ஐந்து நாள் கழித்து மறுபடி. பூச்சி திரும்பத் திரும்ப வந்தால் தொட்டியில் ஏறும் எறும்பைப் பாருங்கள்: மாவுப்பூச்சியைத் தூக்கிக்கொண்டுவந்து காவல் காப்பது அதுதான். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல்மேல் வைத்தால் வழி அறுபடும். தட்டுத் தண்ணீரைக் கொசு வராமல் இரண்டு நாளுக்கொருமுறை மாற்றுங்கள்.

அமெரிக்காவில் ஒரு பங்கு சர்க்கரை, நாலு பங்கு தண்ணீர் என்று கரைத்துத் தொங்கவிடுவார்கள். நம் 35 டிகிரி வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். செடி வைக்க இடம் இருப்பவர்களுக்கு அந்த வேலை தேவையே இல்லை. அதற்குப் பதில் காலையில் இலைகள்மேல் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பது தேன்சிட்டுக்கு மிகவும் பிடிக்கும்.

கூடு கட்டினால்

கிளை நுனியிலோ, துணி காயவைக்கும் கயிற்றிலோ, மின்கம்பி வளைவிலோ நார், காய்ந்த இலை, பட்டைத் துணுக்கு, சிலந்தி நூல் எல்லாம் சேர்த்த குப்பைபோல் ஒரு சிறு பை தொங்கும். பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரம். ஒட்டடை என்று பெருக்கித் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வழக்கமாக இரண்டு முட்டை இடும். அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். ஆக, முட்டையிட்டதிலிருந்து ஐந்து வாரம் அந்தத் தொட்டியை நகர்த்தாதீர்கள், அந்தக் கிளையை வெட்டாதீர்கள், கைபேசியை வாசலருகே நீட்டாதீர்கள். தாய் வந்து போகும் பாதையை யாரும் மறிக்காமல் ஆறேழு அடி தள்ளி நின்று பார்க்கலாம்.

ஆறு மாதமாகியும் வரவில்லையா

செடி பூக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பூக்கவில்லை என்றால் பெரும்பாலும் வெயில் குறைவு. ஹேமீலியாவுக்கும் ருசேலியாவுக்கும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். பூத்தும் வராவிட்டால் பிடிமானம் இல்லாமல் இருக்கலாம்: பூக்கூட்டத்துக்கு இரண்டடி பக்கத்தில், பூனை எட்டாதபடி ஐந்தடி உயரத்தில், பென்சிலைவிட மெல்லிய காய்ந்த கிளைகளைக் கட்டுங்கள். மாடியில் காற்று அதிகமென்றால் கொம்பு ஆடிக்கொண்டே இருக்கும், பறவை அமராது; காற்று வரும் பக்கம் பச்சை வலை கட்டுங்கள். சுற்றிலும் மரமே இல்லாத நாலாவது மாடிக்குத் தேன்சிட்டு வழி கண்டுபிடிக்க நாளாகும். தெருவில் வேம்போ முருங்கையோ இருக்கும் வீட்டாரிடம் பேசி, அவர்கள் வாசலில் ஒரு மிளகாய்ச் செம்பருத்திக் குச்சியை நட்டுக் கொடுங்கள். மரத்திலிருந்து அந்த வாசலுக்கு வரும் பறவை, அங்கிருந்து உங்கள் மாடிக்கும் ஏறி வரும்.